நெருப்பில் நிலைத்த முகம்

எங்கள் பங்கில் ஒரு கைம்பெண் இருக்கிறார். தையல் எந்திரம் ஒன்றையே துணையாகக் கொண்டு, தம் ஒரே மகனைக் கல்லூரிவரை படிக்கவைத்தவர். மகன் வேலையில் அமர்ந்து இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் சாலை விபத்தொன்றில் இறந்துபோனான். அடக்கத் திருப்பலி நிறைவேற்றி அவனை மண்ணுக்கு ஒப்படைத்தவன் நானே. முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கு வந்திருந்த அவனுடைய நண்பர்கள், அவன் சிரித்த முகத்தோடு நிற்கும் புகைப்படம் ஒன்றை வெள்ளைக் குவளையில் பதிப்பித்து, அந்தத் தாயின் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு வேறு குவளை கிடையாது. “காலைக் காப்பியை இப்போதும் நானும் என் பிள்ளையும் சேர்ந்துதான் குடிக்கிறோம், சாமி” என்று ஒருமுறை சொன்னார்.

ஓராண்டு கழிந்திருக்கும். ஒரு நாள் மாலைச் செபமாலை முடிந்தபின், அக்குவளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். எடுத்துக் காட்டினார். சட்டையின் நீலம் வெளிறியிருந்தது. உதடுகள் இருந்த இடம் மங்கிவிட்டது. ஒரு கண் பாதி அழிந்திருந்தது. “முதலில் ஆள் போனான், இப்போது முகமும் போகிறது, சாமி. சாம்பல் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து நானே அழித்துவிட்டேனா? என் கையாலேயே அழித்துவிட்டேனா?” என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு அருகாகக் குருத்துவப் பணியில் இருப்பவன் நான். துயருற்றோர்க்குச் சொல்லவேண்டிய சொற்கள் எனக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தேன். அன்றும் சொன்னேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு போனார். ஆயினும் அவர் கேட்டது ஆறுதல் அன்று, விடை. தம் கை செய்த குற்றமா, இல்லையா என்பதே அவர் அறிய விரும்பியது. அதற்கு என்னிடம் விடையில்லை.

அந்த விடையை, சற்றும் எதிர்பாராத வகையில், கடல் கடந்த ஒரு நகரத்தில் கண்டேன். அந்நகரைப் பற்றியே இக்கட்டுரை.

2018-ஆம் ஆண்டு கோடையில், இங்கிலாந்தில் விடுமுறைக்குச் சென்ற ஒரு பங்குத்தந்தையின் இடத்தில் ஆறு வாரங்கள் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. “ஓய்வு நாளில் எங்கே போகலாம்?” என்று திருப்பலிக்கு வந்த முதியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் தம் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் இருந்த முத்திரையைக் காட்டினார். “இது பிறந்த ஊருக்குப் போங்கள்” என்றார். அந்த ஊரின் பெயர் ஸ்டோக்-ஆன்-டிரென்ட்.

பர்மிங்காமுக்கும் மான்செஸ்டருக்கும் இடையில், டிரென்ட் ஆற்றின் தலைப்பகுதியில் அமைந்துள்ளது இந்நகர். ஒரே நகர் என்று சொல்வதைவிட ஆறு ஊர்களின் தொகுப்பு என்பதே பொருந்தும். டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்னும் ஆறும் 1910-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1925-இல் மாநகரத் தகுதி கிடைத்தது. ஆனால் ஆங்கிலேயர் இன்றும் இப்பகுதியைக் குயவர் நாடு என்ற பொருள்படும் பெயராலேயே அழைக்கின்றனர். புகைவண்டி நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் எதிரே ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. அரசனுமல்லன், படைத்தலைவனுமல்லன், கையில் ஒரு சாடியை ஏந்தி அதையே உற்றுநோக்கி நிற்கும் ஒரு குயவர். ஜோசையா வெஜ்வுட் என்பது அவர் பெயர். 1730-இல் பர்ஸ்லெம் ஊரில் குயவர் குடும்பத்தில் பிறந்து, 1795-இல் மறைந்தவர். ஒரு நகரம் தன் வாயிலில் குயவருக்குச் சிலையெடுத்து வைத்திருப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். நம் ஊர்களில் வேளார் தெரு எங்கே இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

இங்கே மட்டும் இத்தொழில் இவ்வளவு வளர்ந்தது ஏன்? தரைக்குக் கீழே களிமண்ணும் நிலக்கரியும் அடுத்தடுத்துக் கிடந்ததே முதற்காரணம். ஒரு டன் மண்ணைச் சுடுவதற்குப் பல டன் கரி வேண்டும். ஆகவே கரியிருக்கும் இடத்திற்கு மண் போவதே சிக்கனம். உள்ளூர் மண் சிவந்து வெந்தது. வெண்ணிறப் பாண்டங்களுக்கு மக்கள் ஆசைப்பட்டபோது, கார்ன்வால், டெவன் பகுதிகளிலிருந்து வெண்களிமண் கப்பலில் லிவர்பூலை அடைந்து, அங்கிருந்து இங்கே வரத் தொடங்கியது. பொதிகுதிரைகளின் முதுகில் சென்ற பாண்டங்களோ வழியிலேயே பல உடைந்தன. எனவே வெஜ்வுட்டும் அவருடைய தோழர்களும் கால்வாய் வெட்ட முனைந்தனர். 1766-இல் தொடங்கி 1777-இல் முடிந்த டிரென்ட்-மெர்சி கால்வாய், இந்த உள்நாட்டு ஊர்களைக் கடலோடு இணைத்தது. குலுங்காத நீரில் பாண்டங்கள் உடையாமல் சென்றன.

நான் முதலில் சென்றது லாங்டனில் உள்ள கிளாட்ஸ்டன் பாண்டத் தொழிற்சாலை. தொழில் நின்றுபோன இவ்விடத்தை இடித்துவிடாமல், 1970-களில் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். முற்றத்தில் அடிபருத்துக் கழுத்துச் சிறுத்த, பெரும்புட்டிகளைப் போன்ற செங்கற்சூளைகள் வானளாவ நின்றன. ஒரு காலத்தில் இந்த ஆறு ஊர்களிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய சூளைகள் இருந்தனவாம். எல்லாம் ஒருங்கே புகைந்தால் பகலில் சூரியனைக் காண்பதரிது. 1956-இல் தூயகாற்றுச் சட்டம் வந்தபின் மின்சாரமும் எரிவாயுவும் கரியின் இடத்தைப் பிடித்தன. கரியிட்டு எரித்த கடைசிச் சூளை 1978-இல் எரிந்து அணைந்தது; அதுவும், இக்கலையை அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே பதிவுசெய்து வைக்கவேண்டும் என்பதற்காக ஒருமுறை மூட்டப்பட்டதே. இன்று ஐம்பதுக்கும் குறைவான சூளைகளே எஞ்சியுள்ளன.

சூளைக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தேன். மேலே வட்டமாகச் சிறிதளவு வானம். பாண்டங்களை நேரே தீயில் வைப்பதில்லை. தீநாவும் புகையும் படாதபடி, மண்ணாலேயே செய்த பெட்டிகளுள் அடுக்கி, அப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை அடுக்குவார்கள். ஆள்கள் அவற்றைத் தலைமேல் சுமந்து ஏணியில் ஏறி வைக்கவேண்டும். வாயிலை அடைத்துத் தீ மூட்டினால் இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்து எரிக்கவேண்டும். சூளைக்குப் பொறுப்பானவர் அதுவரை உறங்கப்போவதில்லை. தீ ஒரு பக்கம் ஓங்கினாலும் தாழ்ந்தாலும் பலருடைய ஒரு மாத உழைப்பு பாழாகிவிடும். பாண்டத்தொழில் ஊருக்குப் புகழ் தந்தது; தொழிலாளிக்கோ நோயும் தந்தது. கல்தூசு நுரையீரலை அரித்தது; பளபளப்புப் பூச்சில் கலந்த ஈயம், அதில் கை நனைத்தவர்களின் உடலில் ஏறிற்று. காட்சிப்பலகைகள் இதை மறைக்கவில்லை. அதற்காகவே அந்த அருங்காட்சியகத்தை மதித்தேன்.

இனி, படத்தின் கதைக்கு வருவோம்.

தொடக்கத்தில் பாண்டங்களில் படம் வேண்டுமென்றால் தூரிகையால்தான் எழுதவேண்டும். அது செல்வர் வீட்டுப் பொருள். ஏழை வீட்டுத் தட்டு வெறுந்தட்டாகவே இருந்தது. தாளில் அச்சிடுவதைப் போல் மண்ணிலும் அச்சிட முடியாதா என்று பலர் முயன்றனர். லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன் என்னும் இருவர், 1756-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள், ஆறு மணி நேரத்தில் 1,200-க்கும் மேற்பட்ட சுவர்ஓடுகளில் படம் அச்சிட்டதாகச் சத்தியப்பிரமாணம் செய்தனர். வெஜ்வுட்டும் தம் பாண்டங்களை லிவர்பூலுக்கு அனுப்பி அவர்களிடம் அச்சிட்டு வாங்கினார். அந்தப் படங்கள் பளபளப்புப் பூச்சின் மேலே பதிந்தவை. நாளடைவில் கத்தியும் கரண்டியும் உரசத் தேய்வன. பூச்சின் அடியிலேயே படத்தைப் புதைக்கும் நீலநிற அச்சு முறையை, 1784-ஆம் ஆண்டையொட்டி இந்த ஸ்டோக் ஊரில் செம்மைப்படுத்தியவர் ஜோசையா ஸ்போடு. அவருடைய தொழிற்சாலை அதே இடத்தில் 2008 வரை இயங்கிற்று. நான் சென்றபோது, அதன் ஒரு பகுதி அவர்களுடைய பழைய செப்புத் தகடுகளையும் தட்டுகளையும் காட்டும் காட்சியகமாக இருந்தது.

அந்தப் பழைய முறை உயிரோடு நடப்பதைக் காண விரும்பினால் பர்ஸ்லெமுக்குப் போகவேண்டும் என்றார்கள். கால்வாய்க் கரையில், 1880-களின் இறுதியில் எழுந்த மிடில்போர்ட் தொழிற்சாலை அங்கே உள்ளது. 2011-இல் மூடப்படும் நிலையிலிருந்து மீட்கப்பட்ட இடம் அது. அங்கே நான் கண்டதைச் சொல்கிறேன்.

செதுக்குநர் செப்பில் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் படத்தைச் செதுக்கிவைத்திருக்கிறார். அதன்மேல், எண்ணெயில் குழைத்த கனிம வண்ணத்தைச் சூடாகத் தடவி வழித்தெடுக்கிறார்கள். பின்னர், சோப்புக் கரைசல் தடவிய மெல்லிய தாளை அதில் அழுத்தி, ஈரவண்ணத்தோடு படத்தைத் தாளுக்கு மாற்றுகிறார்கள். ஒரு பெண் கத்தரிக்கோலால் அத்தாளை அளவறிந்து வெட்டுகிறார். மற்றொரு பெண், ஒருமுறை சுட்டு எடுத்த மண்கிண்ணத்தின்மேல் அதை வைத்து, கெட்டியான தூரிகையால் தேய்தேய் என்று தேய்க்கிறார். எவ்வளவு தேய்த்தாலும் தாள் கிழிவதில்லை. வண்ணம் மண்ணின் நுண்துளைகளுள் இறங்கிவிடுகிறது. பிறகு கிண்ணத்தை நீரில் அமிழ்த்துகிறார்கள். தாள் ஊறிக் கழன்றுபோகிறது. படம் போவதில்லை! எண்ணெய் நீரோடு சேராது. எனவே நீர் தாளை மட்டும் கொண்டுபோகிறது. அதன்பின் மெல்லிய சூட்டில் எண்ணெயைப் போக்கி, பூச்சில் தோய்த்து, மீண்டும் ஏறக்குறைய ஆயிரம் டிகிரிச் சூட்டில் சுடுகிறார்கள். பூச்சு உருகிக் கண்ணாடியாகிப் படத்தைத் தன்னுள் மூடிக்கொள்கிறது. அதற்குமேல் எந்தக் கரண்டி அதைத் தீண்ட முடியும்?

இன்னொன்றையும் கவனித்தேன். சூளைக்குப் போகுமுன் அந்த வண்ணம் நீலமாக இல்லை. கருகிய நிறத்தில் மங்கிக் கிடந்தது. கோபால்ட்டு என்னும் உலோகத்தின் துகள், பூச்சோடு சேர்ந்து நெருப்பில் உருகிய பின்னரே நீலமாகிறது. பூச்சுக்கு அடியில் அந்தப் பெருஞ்சூட்டைத் தவறாது தாங்கக்கூடிய வண்ணமாகத் தொடக்கத்தில் இது ஒன்றே இருந்தமையால்தான், பழைய ஆங்கிலத் தட்டுகள் பெரும்பாலும் நீலமாக இருக்கின்றன.

மேலே தேய்த்த பெண்களின் பெயர்கள் எந்தத் தட்டிலும் இல்லை. தட்டின் அடியில் நிறுவனத்தின் முத்திரை உண்டு. சிலவற்றில் சிறு புள்ளியோ கோடோ உண்டு. அது எத்தனை உருப்படிக்குக் கூலி என்று கணக்கிட இட்ட அடையாளமாம்.

அச்சு மலிவானதும், சாமானியர் வீட்டிலும் படம் புகுந்தது. மக்கள் வெறும் பூக்களோடு நிற்கவில்லை. குழந்தையின் ஞானத்தீக்கைக்கு அதன் பெயரும் நாளும் எழுதிய குவளை, மணமக்களின் பெயர் பொறித்த சாடி என்று தம் வாழ்வையே பாண்டத்தில் எழுதச் செய்தனர். அரசர்களின் முகங்களும் வந்தன. 1937-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் எட்டாம் எட்வர்டுக்கு முடிசூட்டுவிழா என்று குறித்து, அவர் முகத்தோடு குவளைகளை முன்கூட்டியே செய்து குவித்தனர். அவரோ 1936 திசம்பரிலேயே அரியணையைத் துறந்துவிட்டார். அதே நாளில் அவர் தம்பி முடிசூடினார். சூடாத முடியைச் சூடியதாகச் சொல்லும் அந்தக் குவளைகள், நெருப்பில் வெந்துவிட்டமையால், இன்றளவும் அழியாமல் பொய் சொல்லிக்கொண்டிருக்கின்றன! 1982-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பிரிட்டனுக்கு வந்தபோதும் நினைவுத் தட்டுகளும் குவளைகளும் வெளிவந்தன. நான் தங்கியிருந்த பங்கிலேயே ஒரு வீட்டில் அத்தகைய தட்டைக் கண்டேன். திருத்தந்தையின் உயர்த்திய கரம் நேற்று அச்சிட்டதைப் போல் இருந்தது.

புகைப்படத்தை மண்ணில் சுடும் வித்தை பிரான்சில் தோன்றியது. 1854-இல் புலோ, கத்தேன் என்னும் இருவர் இதற்கு உரிமம் பெற்றனர். பின்னர் பரவிய முறைகளுள் ஒன்று வியப்புக்குரியது. ஒளி பட்டால் இறுகிவிடும் பசையைக் கண்ணாடியில் பூசி, புகைப்படத்தின் வழியாக ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடம் காய்ந்துவிடும். நிழல் விழுந்த இடம் பிசுபிசுப்பாகவே இருக்கும். அதன்மேல் கனிமப்பொடியைத் தூவினால், பொடி நிழலில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்தைப் பீங்கானுக்கு மாற்றிச் சுட்டுவிடுவார்கள். இத்தாலி முதலிய கத்தோலிக்க நாடுகளின் கல்லறைத் தோட்டங்களில், சிலுவைக்குக் கீழே முட்டை வடிவப் பீங்கானில் இறந்தோரின் முகங்கள் இவ்வாறே இடம்பெற்றன. நூறாண்டு மழையும் வெயிலும் கண்டும் அம்முகங்கள் வழிப்போக்கரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நம் நாட்டுக் கல்லறைகளிலும் இத்தகைய பீங்கான் படங்களை வாசகர்கள் கண்டிருக்கலாம்.

இதைக் கேட்டபோதுதான் எங்கள் பங்குத் தாயின் குவளை என் நினைவுக்கு வந்தது. நண்பர்கள் தந்த அந்தக் குவளையும் புகைப்படம் பதித்ததுதானே? கல்லறையில் நூறாண்டு நிற்கும் முகம், அடுக்களையில் ஓராண்டு நிற்காதது ஏன்?

மிடில்போர்ட்டில் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் என்னைத் தம் உறவினரான மூதாட்டி ஒருவரிடம் அனுப்பினார். அம்மூதாட்டி பதினைந்தாம் வயதில் தொழிற்சாலையில் சேர்ந்து, படத்தாள் ஒட்டும் வேலையிலேயே தலை நரைத்தவர். தொழிற்சாலை மூடியபின், வீட்டின் பின்கட்டில் சிறிய மின்சூளை ஒன்றை வைத்துக்கொண்டு, கேட்பவர்க்கு அவர்கள் தரும் புகைப்படத்தைத் தட்டிலும் கோப்பையிலும் சுட்டுத்தரும் வேலையைச் செய்துவந்தார். என் கைப்பேசியில் இருந்த அந்த மங்கிய குவளையின் படத்தைக் காட்டினேன். ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: “இது சூளையைக் காணாத படம், ஃபாதர்.”

பின்னர் விளக்கினார். இக்காலத்தில் கடைகளில் சில நிமிடங்களில் செய்துதரும் குவளைகளின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தனிவகைச் சாயத்தால் தாளில் படத்தை அச்சிட்டு, குவளையைச் சுற்றி இறுக்கி, ஏறக்குறைய 200 டிகிரிச் சூட்டில் மூன்று நான்கு நிமிடங்கள் அழுத்துவார்கள். நம் வீட்டுக் கற்பூரம் உருகாமலே ஆவியாவதைப் போல, அந்தச் சாயமும் ஆவியாகி அப்பூச்சினுள் புகுந்து தங்கிவிடும். பள்ளிப் பாடத்தில் பதங்கமாதல் என்று நாம் படித்தது இதுவே. படம் பளிச்சென்று இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அது தங்கியிருப்பது மண்ணிலன்று, மண்மேல் பூசிய தோலில். தோல் உரசினால் படமும் உரசும். வெயில் படப்படச் சாயமும் வெளிறும்.

“அந்தத் தாய் தம் கையால் அழித்துவிட்டதாக எண்ணி வருந்துகிறார்” என்றேன்.

மூதாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “கோப்பை என்றால் கழுவத்தானே வேண்டும்? கழுவினால் போகிற இடத்தில் முகத்தை வைத்தது அவள் குற்றமன்று என்று சொல்லுங்கள்” என்றார். சற்றுப்பொறுத்து, “அவனுடைய அசல் புகைப்படம் உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்டார். இருந்தது. நினைவுத் திருப்பலி அறிவிப்புக்காக அவனுடைய நண்பர்கள் எனக்கு அனுப்பியிருந்த படம் கைப்பேசியிலேயே கிடந்தது.

அடுத்த அரைமணி நேரம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயமின்றி உலோகத் துகள்களால் ஆன வண்ணத்தைக் கொண்டு, பசை பூசிய தாளில் படத்தை அச்சிட்டு, அதன்மேல் மெல்லிய மேற்பூச்சு இட்டார். அது உலர்ந்தபின் முகத்தின் விளிம்பையொட்டிக் கத்தரித்து நீரில் இட்டார். ஒரு நிமிடத்தில் பசை இளகி, படம் தாளைவிட்டு வழுக்கிற்று. நாம் சிறுவயதில் நோட்டுப்புத்தகத்தில் நனைத்து ஒட்டிய படங்களைப் போலத்தான். அதை வெண்பீங்கான் கோப்பையின்மேல் வைத்து, ரப்பர்த் துண்டால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீரையும் காற்றையும் வழித்தார். ஒரு கடுகளவு காற்று உள்ளே நின்றுவிட்டாலும் சூளையில் அது வெடித்து அந்த இடம் வெறுமையாகிவிடுமாம். அவனுடைய கண்ணருகில் வந்தபோது ரப்பரை வைத்துவிட்டுத் தம் விரல்நுனியாலேயே தடவினார். தூங்கும் குழந்தையின் முகத்தைத் துடைப்பதைப் போல் இருந்தது.

“ஒரு நாள் உலரவேண்டும். பிறகு 800 டிகிரி. மேற்பூச்சு எரிந்துபோகும். பீங்கானின் பளபளப்புப் பூச்சு இளகி, வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த வாரம் வாருங்கள்” என்றார். படம் வெளிப்புறத்தில் மட்டும் இருக்கவேண்டும், உணவும் உதடும் படும் இடத்தில் கூடாது என்பதையும் சொன்னார். ஈயத்தைப் பற்றி அந்த ஊர்க்காரருக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை.

திரும்பும் வழியில் கால்வாய்க் கரையோரம் நடந்தேன். மண்ணில் எங்கும் உடைந்த பாண்டச் சில்லுகள். பல தலைமுறைகளாகக் கழித்துப்போட்டவை. ஒன்றைக் குனிந்து எடுத்துத் துடைத்தேன். விரற்கடை அளவே இருந்த அச்சில்லில், நீலநிறத்தில் ஒரு மரக்கிளையும் அதன்மேல் ஒரு பறவையின் பாதியும் தெளிவாகத் தெரிந்தன. தட்டு போய்விட்டது, அதில் உண்டவர்கள் போய்விட்டார்கள், தேய்த்த பெண்ணின் பெயரும் தெரியாது. படம் மட்டும் போகவில்லை.

மறுவாரம் சென்றேன். மேசைமேல் இரண்டு கோப்பைகள் இருந்தன. “எப்போதும் இரண்டு செய்வோம். ஒன்று சூளைக்குப் பலியாகலாம், இம்முறை இரண்டும் தப்பிவிட்டன” என்றார். கடையில் செய்த குவளையைப் போல் வண்ணங்கள் பளிச்சிடவில்லை. சிவப்பு சற்று அடங்கியிருந்தது. ஆனால் சிரிப்பு அப்படியே இருந்தது. இரண்டு கோப்பைகளுக்கும் உரிய விலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. தொழிலாளி தம் உழைப்பின் மதிப்பை அறிந்திருந்தார்.

ஊர் திரும்பியதும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்றேன். மூதாட்டியின் சொற்களை முதலில் சொன்னேன். “உங்கள் கை அழிக்கவில்லை, அம்மா. கழுவினால் போகும் இடத்தில் முகத்தை வைத்திருந்தார்கள், அவ்வளவே.” அவர் இரண்டு முறை அதைச் சொல்லச்சொல்லிக் கேட்டார். பின்னர் கோப்பையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எழுந்து கொல்லைப்புறம் போனார். அலமாரியில் பத்திரப்படுத்தப் போகிறார் என்றுதான் எண்ணினேன். அவரோ சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துவந்து, என் கண்ணெதிரிலேயே அக்கோப்பையைப் பரபரவென்று தேய்த்தார்! நான் பதறிவிட்டேன். நீரூற்றிக் கழுவி, முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் இருந்தது. அதன்பிறகே அழுதார். அழுது முடித்துக் காப்பி போட்டு, ஒரு கோப்பையில் எனக்குக் கொடுத்து, மற்றதில் தாம் குடித்தார்.

வாசகர்களே, நண்பர்கள் தந்த குவளையைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர்கள் அன்பால் தந்தார்கள். அத்தகைய குவளை உங்கள் வீட்டில் இருந்தால், நாரும் சாம்பலும் படாமல் மென்துணியால் கழுவி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சில ஆண்டுகள் நிற்கும். மறைந்தவர்களின் முகத்தைப் பாண்டத்தில் பதிக்க விரும்பினால், “இது சூளையில் சுடப்படுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி ஒரு தாயின் உறக்கத்தைக் காப்பாற்றலாம்.

எசாயா இறைவாக்கினர் நூலில், தம் மக்களைத் தம் உள்ளங்கைகளிலேயே பொறித்து வைத்திருப்பதாக ஆண்டவர் உரைக்கிறார். முன்பு அதைப் படிக்கும்போது, எழுதுவதையே மனத்தில் கொண்டிருந்தேன். இப்போது பர்ஸ்லெம் பெண்களின் கைகள் நினைவுக்கு வருகின்றன. மேலே பூசிய அன்பு வெயிலில் வெளிறுகிறது. துன்பத்தின் சூளையில் நம்மோடு நுழைந்து நம்மோடு வெந்த அன்பு வெளிறுவதில்லை. சிலுவையில் வெந்த அன்பு அத்தகையது என்பதை நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

2021-இல் அந்த இரண்டு கோப்பைகளுள் ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. எந்தச் சூளையும் மண்ணை உடையாததாக்குவதில்லை. அந்தத் தாய் வருந்தினார். ஆனால் முன்போல் தம் கையைப் பழிக்கவில்லை. முகமிருந்த சில்லு முழுதாகத் தப்பியிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளில், கல்லறைகளை மந்திரிக்கச் சென்றபோது அதைக் கண்டேன். மகனுடைய கல்லறைச் சிலுவையின் அடியில், கைப்பிடிச் சிமெண்டு குழைத்து, அச்சில்லைத் தாமே பதித்திருந்தார். அதன்மேல் எத்தனையோ மழை பெய்துவிட்டது. முகம் இருக்கிறது. மற்றக் கோப்பையில் அவர் இன்றும் காலைக் காப்பி குடிக்கிறார்.